கீழ்ப்பாக்கத்துக்கு வெகு முன்னால்: மனநோய்த் தடுப்பும் அதன் நியாயப் பங்கீடும்

உலக சுகாதார நிறுவனம் 2025 செப்டம்பர் 2 அன்று வெளியிட்ட அறிக்கைகளின்படி, உலகில் 100 கோடிக்கும் மேற்பட்டோர் ஏதோவொரு மனநலக் கோளாறுடன் வாழ்கிறார்கள். அதே மாதம் 25ஆம் தேதி நியூயார்க்கில் கூடிய ஐ.நா. பொதுச்சபையின் உயர்நிலைக் கூட்டம், தொற்றா நோய்களோடு மனநலத்தையும் சேர்த்து விவாதித்தது. 2030க்குள் இன்னும் 15 கோடிப் பேருக்கு மனநலச் சேவை கிடைக்கச் செய்ய வேண்டும் என்ற இலக்கும் அதற்கான பிரகடனத்தில் எழுதப்பட்டது. இந்தச் செய்திகளில் 'மேம்பாடு', 'தடுப்பு', 'சமநீதி' என்ற சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. போலியோவைத் தடுப்பது என்றால் சொட்டு மருந்து என்று எவருக்கும் புரியும். மனச்சோர்வைத் தடுப்பது என்றால் எதைக் கொண்டு, யாருக்கு, எந்த இடத்தில்? அதில் நியாயம் என்ற பேச்சு எதற்காக நுழைகிறது?

இக்கட்டுரை அந்தக் கேள்விகளை வடசென்னையை முன்வைத்து விளக்குகிறது. உலக அறிக்கைகள் 'சமூகக் காரணிகள்' என்று ஒரே தொடரில் அடக்கிவிடும் கடன், நெரிசல், நிலையற்ற கூலி, கெட்ட காற்று, இடம்பெயர்ப்பு ஆகிய அத்தனையும் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பேருந்தில் ஒருமுறை போய் வந்தாலே கண்ணில் படும்.

முதலில் சொற்கள்

மனநலம் பற்றிய பொதுப் பேச்சில் மூன்று வெவ்வேறு வேலைகள் ஒன்றாகக் குழைக்கப்படுகின்றன. சிகிச்சை என்பது நோய் வந்தபின் செய்வது. தடுப்பு என்பது நோய் வரும் வாய்ப்பைக் குறைப்பது. மேம்பாடு என்பது, நோய் என்ற பேச்சே எடுக்காமல், மனிதர்கள் தூங்கி எழுந்து, பிறரோடு கலந்து பழகி, தம் வேலையைப் பார்த்து, வரும் தொல்லைகளைத் தாங்கி வாழ்வதற்கான சூழலை அமைப்பது. மூன்றும் ஒன்றுக்கொன்று துணை நிற்பவை. ஆனால் ஒன்றின் பெயரில் இன்னொன்றைக் காட்டிக் கணக்கை முடிப்பதும் எளிது. 'தடுப்பு முகாம்' என்று வாசலில் பேனர் கட்டிவிட்டு உள்ளே மாத்திரைச் சீட்டு மட்டும் எழுதித் தந்தால் அது சிகிச்சை முகாமே.

சென்னையில் இந்தக் குழப்பத்துக்கு ஓர் ஊர்ப்பெயரும் உண்டு. 1794இல் தொடங்கப்பட்டு 1871 முதல் இப்போதைய இடத்தில் இயங்கிவரும் அரசு மனநல மருத்துவமனை கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. அதனால் ஒருவரை ஒதுக்கிவைக்க 'கீழ்ப்பாக்கம் கேசு' என்ற இரண்டு சொற்கள் போதும். மனநலம் என்றதும் நினைவில் எழுவது அந்த மதில்சுவர். ஆகவே மதிலுக்கு வெளியே இருப்பவர்கள், தங்களுக்கும் இந்தப் பேச்சுக்கும் தொடர்பில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். தடுப்போ முழுக்க முழுக்க மதிலுக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றியது.

தடுப்பை மூன்று அடுக்குகளாகப் பிரிப்பது இத்துறையின் வழக்கம். 1994இல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு இந்தப் பிரிவினை பரவலானது.

1. எல்லோருக்குமான தடுப்பு. ஆபத்து யாருக்கு என்று பார்க்காமல் ஒரு மக்கள்தொகை முழுவதற்கும் செய்வது. பிளஸ் டூ தேர்வில் தவறியவர்கள் ஓர் ஆண்டை இழக்காதபடி சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுத வைப்பது இதற்கு நம் மாநிலத்திலேயே உள்ள எடுத்துக்காட்டு. தேர்வு முடிவு வெளியாகும் நாளின் கொடுமையைக் குறைத்ததில் அதற்குப் பங்குண்டு என்று தற்கொலைத் தடுப்பில் பணியாற்றுபவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள்.

2. ஆபத்து மிகுந்த குழுக்களுக்கான தடுப்பு. கைக்குழந்தை உள்ள தாய்மார்கள், வீடு இடிக்கப்பட்டு வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள், பேரிடரில் உறவுகளை இழந்தவர்கள் போன்றோருக்குக் குறிப்பாகச் செய்வது.

3. அறிகுறி தென்பட்டவர்களுக்கான தடுப்பு. நோய் என்று பெயரிடும் அளவுக்கு முற்றாத, ஆனால் தூக்கமின்மை, படபடப்பு, எதிலும் நாட்டமின்மை ஆகியவை தொடங்கிவிட்டவர்களுக்குச் செய்வது.

ஒரு வரம்பையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மனச்சிதைவு, இருதுருவ மனநிலைக் கோளாறு போன்றவற்றில் மரபின் பங்கு அதிகம். அவற்றை வராமலே தடுக்கும் உறுதியான வழி இன்று கிடையாது. விரைவில் கண்டறிந்து வாழ்க்கை சிதையாமல் காக்கலாம். தடுப்புக்கு மிகுதியாக இடமிருப்பது மனச்சோர்வு, மனப்பதற்றம், போதைப்பழக்கம், தற்கொலை ஆகியவற்றில்தான். மக்களிடையே மிகப் பரவலாக இருப்பவையும் இவையே. மனநலக் கோளாறுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும், பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்பதால், வேலை எங்கே தொடங்க வேண்டும் என்பதிலும் ஐயமில்லை.

நோய் எங்கே விளைகிறது

ஒரே ஊரில் வாழும் ஏழைகளையும் வசதி படைத்தவர்களையும் ஒப்பிட்டால், மனச்சோர்வும் பதற்றமும் மிகக் குறைந்த வருமானம் உள்ளவர்களிடம் ஒன்றரை முதல் மூன்று மடங்கு வரை அதிகமாகக் காணப்படுகின்றன. 2020இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, இந்த உறவு இருபுறமும் ஓடுவதை விரிவாகக் காட்டியது: வறுமை மனத்தைக் கெடுக்கிறது, கெட்ட மனம் வேலையையும் சேமிப்பையும் கெடுத்து வறுமையை நீட்டிக்கிறது. இந்தச் சக்கரம் எப்படிச் சுழல்கிறது என்பதை வடசென்னையின் அன்றாடத்திலிருந்து நான்கு இடங்களில் பார்க்கலாம்.

1. கடன். கொருக்குப்பேட்டையிலோ புளியந்தோப்பிலோ இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு பெண் 'தண்டல்' வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு 10,000 ரூபாய். கையில் வருவது 8,500. மறுநாள் முதல் தினமும் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆண்டு வட்டியாகக் கணக்குப் போட்டால் 100 விழுக்காட்டைத் தாண்டும். ஆனால் அந்தப் பெண்ணின் மனத்தை அரிப்பது வட்டி விகிதத்தைவிட, தினமும் ஒரே நேரத்தில் தெருமுனையில் வந்து நிற்கும் பைக்கின் சத்தம். மழை பெய்து வியாபாரம் இல்லாத நாளிலும் அது வரும்; பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் வரும். "நாளிக்கு சேத்து தரேம்ப்பா" என்று சொல்ல நேர்ந்தால் தெருவே கேட்கும். அடுத்தடுத்த நாள்களில் அந்தச் சத்தத்துக்கு அரைமணி நேரம் முன்பே நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்குகிறது. மருத்துவ நூல் மனப்பதற்றம் என்று விவரிப்பதன் தொடக்கம் இதுவே. மூச்சுப்பயிற்சி அவருக்குச் சிறிது உதவலாம். குறைந்த வட்டியில் கூட்டுறவு வங்கிக் கடன் அதைவிடக் கூடுதலாக உதவும். தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டமும், கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்க 2025இல் கொண்டுவரப்பட்ட சட்டமும் எந்த மனநலப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. ஆனால் ஒழுங்காக நடைமுறைப்படுத்தினால் அவை முதல்தரமான மனநோய்த் தடுப்புச் சட்டங்கள்.

2. தூக்கம். சென்னையில் குறைந்த வருமானம் உள்ள 452 பேரை வைத்து நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்கள் இரவில் எட்டு மணி நேரம் படுத்திருந்தும் ஐந்தரை மணி நேரம் அளவுக்கே தூங்கினார்கள் என்று கருவி வைத்து அளந்து காட்டியது. தூக்கம் அத்தனை முறை கலைந்தது. கொசு, புழுக்கம், தெருச்சத்தம், ஒரே அறையில் ஐந்து பேர் என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. ஆய்வாளர்கள் கண் மறைப்பும் காது அடைப்பானும் கொடுத்து, அறிவுரையும் சொல்லி, இரவுத் தூக்கத்தை அரைமணி நேரம் அளவுக்குக் கூட்டினார்கள். எதிர்பார்த்த பலன் வரவில்லை. மாறாக, அமைதியான இடத்தில் பகலில் போட்ட குட்டித் தூக்கம் மனநிலையையும் வேலைத்திறனையும் உயர்த்தியது. அடிக்கடி அறுபடும் தூக்கத்தின் நீளத்தைக் கூட்டுவதைவிட, கலையாத கொஞ்சத் தூக்கம் மேலானது போலும். சேமிப்புக் கிடங்குகளிலும் ஏற்றுமதித் துணிக்கூடங்களிலும் மதியம் இருபது நிமிடம் படுக்க இடம் தருவது இந்தக் கோணத்தில் பார்த்தால் சலுகை ஆகாது. லாரித் தண்ணீருக்காக விடியற்காலையில் குடத்தோடு எழும் பெண்ணுக்குக் குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வருவதும் ஒரு தூக்க மருந்து.

3. குடி. உழைப்பாளிகள் விரும்பியே குடிக்கிறார்கள், திருந்தும் எண்ணம் அவர்களுக்கு இல்லை என்பது பரவலான கருத்து. சென்னையின் 229 சைக்கிள் ரிக்சா ஓட்டுநர்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வு இதைச் சோதித்தது. பகலில் குடிக்காமல் வந்தால் பணம் என்ற ஏற்பாட்டையும், எப்படி வந்தாலும் பணம் என்ற ஏற்பாட்டையும் முன்வைத்தபோது, கையில் வரும் தொகை குறைந்தாலும் பரவாயில்லை என்று பாதிக்கு மேற்பட்டோர் முதலாவதைத் தேர்ந்தார்கள். தங்களைக் கட்டிப்போட யாராவது உதவினால் போதும் என்று அவர்களே கேட்டதற்கு ஒப்பானது இது. குடிக்காமல் வந்தால் பணம் என்ற ஏற்பாட்டில் இருந்தவர்களின் சேமிப்பு ஏறக்குறைய 50 விழுக்காடு உயர்ந்தது. எனவே இங்கே குறைவாக இருப்பது மனவுறுதி என்று சொல்ல முடியவில்லை. உறுதி எடுத்தவருக்குக் கைகொடுக்கும் ஏற்பாடே குறைவு.

4. காற்றும் நீரும் அச்சமும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவி, வலைகளும் படகுகளும் பிசுபிசுத்துப் பாழாயின. அந்தக் கறை காயும் முன்பே, டிசம்பர் 26 இரவு, பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 2004இல் சுனாமி வந்த அதே தேதி. பேரிடர் முடிந்ததும் நிவாரணக் கணக்கு முடிந்துவிடுகிறது. நள்ளிரவில் சிறு வாடை வந்தாலும் விழித்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் வீட்டோடு தங்கிவிடுகிறது.

இந்தச் சுமைகளை இதுவரை தாங்கிப் பிடித்தவையும் இங்கேயே உண்டு. தடுப்பு இயலில் அவற்றைக் 'காப்புக் காரணிகள்' என்பார்கள். வண்ணாரப்பேட்டையின் கேரம் மன்றங்கள், ராயபுரத்தின் குத்துச்சண்டைக் கூடங்கள், வியாசர்பாடியின் கால்பந்துத் திடல், சாவு விழுந்த வீட்டுக்குச் சொல்லாமலே கூடிவிடும் தெரு ஆகியவை அவை. ஒரு குடியிருப்பை அகற்றி இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடியில் ஏற்றும்போது சுவர் புதிதாகக் கிடைக்கிறது, இவை கைநழுவிப் போகின்றன. மறுகுடியமர்த்தல் திட்ட மதிப்பீட்டில் இந்த இழப்புக்கு ஒரு வரிகூட இருப்பதில்லை.

நியாயம் என்றால் சம அளவா?

உலக அறிக்கைகள் சொல்லும் 'சமநீதி' என்ற சொல்லின் கனம் இந்தக் கேள்வியில் இருக்கிறது. தடுப்பு இயலில் இதைப் பற்றி மூன்று கருத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன.

1. ஜெஃப்ரி ரோஸ் என்ற பிரிட்டிஷ் நோய்ப்பரவலியலாளர் 1985இல் சொன்னது: பெரிய ஆபத்தில் இருக்கும் சிலரைவிட, சிறிய ஆபத்தில் இருக்கும் பலரிடமிருந்தே நோயாளிகள் அதிகம் வருகிறார்கள். எனவே தேடிப்பிடித்துச் சிலருக்கு மட்டும் உதவினால் மொத்த எண்ணிக்கை பெரிதாகக் குறையாது. எல்லோருக்குமான தடுப்பு வேண்டும்.

2. வேல்ஸின் சுரங்கத் தொழிலாளர் ஊரில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இலேயே சொன்னது: நல்ல மருத்துவம், அது அதிகம் தேவைப்படும் இடத்தில் குறைவாகவும் குறைவாகத் தேவைப்படும் இடத்தில் அதிகமாகவும் கிடைக்கிறது. எல்லோருக்கும் என்று திறந்துவிடும் சேவையை முதலில் அள்ளிக்கொள்பவர்கள் நேரமும் படிப்பும் வண்டியும் உள்ளவர்கள்.

3. இரண்டையும் இணைக்க முயன்று 2010இல் இங்கிலாந்தில் மைக்கேல் மார்மட் தலைமையிலான குழு முன்வைத்தது: சேவை எல்லோருக்கும் உண்டு, ஆனால் அதன் அளவும் அடர்த்தியும் தேவைக்கேற்பக் கூட வேண்டும். தமிழில் இதைத் 'தேவைக்கேற்ற பொதுமை' எனலாம்.

தண்ணீர்க் குழாயை வைத்துப் பார்த்தால் இது உடனே விளங்கும். தெருமுனை வீட்டுக்கும் கடைக்கோடி வீட்டுக்கும் ஒரே அளவுக் குழாய் போட்டிருக்கிறார்கள், காகிதத்தில் சமம். ஆனால் முனையில் நான்கு வீட்டில் மோட்டார் போட்டதும் கடைக்கோடியில் அடிபம்பு காற்றைத்தான் இறைக்கும். கடைக்கோடிக்குத் தனியாக ஒரு லைன் இழுத்தால்தான் இருவருக்கும் ஒரே குடம் நிறையும். மனநல உதவியும் அப்படியே. கைபேசிச் செயலி வழியாக மனநல ஆலோசனை என்ற திட்டம், தனியறை உள்ளவருக்கு உதவுகிற அளவில், மாமியாரும் மூன்று பிள்ளைகளும் காதருகே படுத்திருக்கும் பெண்ணுக்கு உதவாது. அவர் எங்கே போய்ப் பேசுவார்?

தேவை எங்கே திரண்டிருக்கிறது என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுப்படி 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். தமிழ்நாட்டில் 19,834 பேர். நாடு முழுவதும் இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். உலக அளவில் தற்கொலைகளில் ஏறத்தாழ 73 விழுக்காடு குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் நிகழ்கிறது.

உலகக் கணக்கு

நாடுகளுக்கு இடையிலான நிலையும் தெருமுனை, கடைக்கோடி கதைதான். அரசுகள் தம் சுகாதார நிதியில் மனநலத்துக்கு ஒதுக்குவது இடைநிலை மதிப்பில் (நாடுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் நாட்டில்) 2 விழுக்காடு. 2017 முதல் இதில் மாற்றமில்லை. வளமான நாடுகள் ஆளொன்றுக்கு 65 டாலர் வரை செலவிடும்போது, மிக ஏழை நாடுகளில் அது 0.04 டாலர் வரை இறங்குகிறது. அதிலும் பெரும்பகுதி மதில்சுவர் கட்டிய பெரிய மருத்துவமனைகளுக்கே போகிறது. தடுப்புக்கு வந்து சேர்வது மீந்த சில்லறை. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர் என்ற கணக்கு பலமுறை மேற்கோள் காட்டப்படுகிறது. மருத்துவர்களை மட்டும் நம்பித் தேவையை ஈடுகட்ட முடியாது என்பதால், மருத்துவர் அல்லாதவர்களைப் பயிற்றுவிக்கும் வழியை ஏழை நாடுகள் தாமாகவே கண்டுபிடித்தன.

சோதனையில் தேறியவையும் தேறாதவையும்

நல்லெண்ணத்தோடு செய்வதெல்லாம் பலன் தருவதில்லை. ஆகவே சோதித்துப் பார்த்தவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

1. ஹராரேயின் பாட்டிமார்கள். ஜிம்பாப்வே அரசு 2005இல் நகரக் குடிசைகளைப் பெருமளவில் இடித்துத் தள்ளியது. அதன்பின் ம்பாரே என்ற ஏழைக் குடியிருப்பில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, 2006இல் 14 பாட்டிமார்களைப் பயிற்றுவித்து, சுகாதார நிலைய வளாகத்தில் மரப்பெஞ்சு போட்டு உட்காரவைத்தார். அவர்கள் 'மனச்சோர்வு' என்ற சொல்லையே எடுப்பதில்லை, 'குஃபுங்கிசிசா' என்கிறார்கள். ஷோனா மொழியில் 'ரொம்ப யோசிப்பது' என்று பொருள். நம் தெருக்களில் 'ரொம்ப யோசிச்சு யோசிச்சு மனசு விட்டுப்போச்சு' என்பார்களே, அதே நோய், அதே பெயர். பேச்சோடு நிற்காமல், வந்தவரின் சிக்கல்களில் ஒன்றை எடுத்து அடுத்த வாரத்துக்குள் என்ன செய்யலாம் என்று திட்டமிடுவது அந்தப் பெஞ்சின் வேலை. 573 பேரை வைத்து நடந்த ஒப்பாய்வு 2016இல் வெளியானது. ஆறு மாதத்துக்குப் பின்னும் அறிகுறிகள் கணிசமாகக் குறைந்திருந்தன. இடிக்கப்பட்ட குடிசைப் பகுதியிலிருந்து கிளம்பிய யோசனை என்பதால் சென்னைக்கு இது தொலைவானதாகத் தோன்றவில்லை.

2. ராவல்பிண்டியின் தாய்மார்கள். பாகிஸ்தான் கிராமங்களில் வீடு வீடாகச் செல்லும் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பேச்சுமுறை ஒன்றைக் கற்றுக்கொடுத்து, மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளைச் சந்திக்க வைத்தார்கள். குழந்தை பிறந்து ஆறு மாதத்தில் மனச்சோர்வு நீடித்தவர்கள் 23 விழுக்காடு. இந்த உதவி கிடைக்காத பகுதியில் 53 விழுக்காடு. 2008இல் வெளியான ஆய்வு இது. ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற பெரிய மகப்பேறு மருத்துவமனையும், கர்ப்பத்தைப் பதிவு செய்யும் பிக்மி எண் முதல் தடுப்பூசி அட்டை வரை ஒவ்வொரு கர்ப்பிணியையும் பின்தொடரும் செவிலியர்களும் உள்ள ஊரில், இதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவைப்படாது.

3. பள்ளி. பிரிட்டனில் 80க்கும் மேற்பட்ட பள்ளிகளில் மாணவர்களுக்கு மனவிழிப்புப் பயிற்சி ('மைண்ட்ஃபுல்னெஸ்') அளித்துப் பார்த்தார்கள். வழக்கமான பாடங்களைவிட அது கூடுதல் பலன் தரவில்லை என்று 2022இல் முடிவு வந்தது. பீகாரில் 74 பள்ளிகளில் நடந்த மற்றோர் ஆய்வில், பள்ளியின் சூழலையே மாற்ற முயன்றார்கள்: புகார்ப் பெட்டி, கேலி வன்முறைக்கு எதிரான விதிகள், மாணவர் குழுக்கள், காது கொடுத்துக் கேட்க ஒருவர். அதை உள்ளூர் ஆலோசகர் நடத்திய பள்ளிகளில் மனச்சோர்வும் கேலியும் குறைந்தன. அதே வேலையை ஏற்கெனவே சுமையேறிய ஆசிரியர் தலையில் கட்டிய பள்ளிகளில் மாற்றமில்லை. மாநகராட்சிப் பள்ளிகளில் 'ஆசிரியர்களே மனநலத்தையும் பார்த்துக்கொள்வார்கள்' என்ற அறிவிப்பு வரும்போதெல்லாம் இந்த இரண்டாவது முடிவை நினைவுகூர்வது நல்லது.

4. பேரிடருக்குப் பின். நடந்ததையெல்லாம் உடனே ஒரே அமர்வில் கொட்டித் தீர்க்கவைக்கும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. பின்னர் வந்த ஆய்வுகள், அது பேரிடருக்குப் பிந்தைய மனவடு நோயைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்கிறது என்று காட்டின. இப்போது பரிந்துரைக்கப்படுவது மன முதலுதவி: பாதுகாப்பான இடம், சாப்பாடு, தொலைந்த உறவினர் பற்றிய தகவல், பேச விரும்பினால் மட்டும் பேச்சு. பேரிடர் முடிந்த மறுநாள் முகாமில் நுழைந்து 'அன்று என்ன பார்த்தாய், சொல்' என்று குழந்தைகளைக் கேட்கும் தன்னார்வலர்களைத் தடுப்பதும் மனநோய்த் தடுப்புதான்.

5. பணமும் சட்டமும். இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு நேரடியாகப் பணம் கொடுத்த திட்டம், தற்கொலைகளை ஏறத்தாழ 18 விழுக்காடு குறைத்ததாக 2019இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இலங்கையில் அதிநச்சுப் பூச்சிக்கொல்லிகளுக்குப் படிப்படியாகத் தடை விதித்ததைத் தொடர்ந்து தற்கொலை விகிதம் சுமார் 70 விழுக்காடு சரிந்தது. இரண்டிலும் மனநலத் துறைக்கு வேலையே இல்லை.

சட்டம் சொல்வதும் ஓ.பி. வரிசையில் நடப்பதும்

இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் நிறைவேறி 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. அரசு செலவில் நடக்கும் மனநலச் சேவையை எவரும் கேட்டுப் பெறலாம் என்பது அதன் 18ஆம் பிரிவு. மேம்பாட்டுக்கும் தடுப்புக்கும் திட்டம் தீட்டுவது அரசின் கடமை என்பது 29ஆம் பிரிவு. இது அதிகம் பேசப்படுவதில்லை. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, தண்டிக்காமல் உதவ வேண்டும் என்பது 115ஆம் பிரிவு. மாவட்ட மனநலத் திட்டம் 1996 முதல் இருக்கிறது. 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற இலவசத் தொலைபேசி மனநலச் சேவையும், அதற்கு முன்பிருந்தே தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும் உண்டு. டெலி மானஸ் 20 மொழிகளில் கிடைப்பது மணலியிலும் துறைமுகத்திலும் வேலை செய்யும் பீகார், ஒடிசா தொழிலாளர்களுக்கும் பயன்படும்.

ஏட்டில் குறை சொல்ல அதிகமில்லை. நடப்பதைப் பார்க்க, ஏதாவதொரு நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையத்தின் காலை நேர வரிசையை எண்ணிப் பாருங்கள். நாற்பது வயதுப் பெண் ஒருவர் ஓ.பி. சீட்டோடு உள்ளே வருகிறார். "ஒடம்பெல்லாம் அசதியா கீதுமா. ராத்திரி தூக்கமே வர்ல. நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது." பின்னால் அறுபது பேர் நிற்கிறார்கள். ரத்த அழுத்தம் பார்க்கப்படுகிறது, சர்க்கரை பார்க்கப்படுகிறது, இரண்டும் சரி. வலி மாத்திரையும் சத்து மாத்திரையும் கிடைக்கின்றன. 'கடந்த இரண்டு வாரமாக எதிலும் ஆர்வமில்லாமல் இருக்கிறதா, மனம் சோர்ந்தே கிடக்கிறதா' என்ற இரண்டு கேள்விகளைக் கேட்க ஒரு நிமிடம் போதும். ஆனால் 'ஆமாம்' என்று அவர் சொன்னால் அடுத்து அவரை யாரிடம் அனுப்புவது என்று தெரியாத மருத்துவர், கேட்காமலிருப்பதே மேல் என்று முடிவு செய்தால் அவரைக் குறை சொல்வதற்கில்லை. கேள்வி கேட்டுவிட்டு உதவி தராமல் விடுவது, கேட்காமல் விடுவதைவிட நியாயக்கேடானது. பெங்களூரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநல ஆய்வு, வயது வந்தவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கு அப்போது மனநலக் கோளாறு இருந்ததாகவும், கோளாற்றின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்றும் காட்டியது. அந்த இடைவெளியில் பெரும்பகுதி இந்த வரிசையில்தான் ஒவ்வொரு நாளும் உருவாகிறது.

இதில் எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. வாடகை கொடுக்க முடியாதவரின் கவலையையெல்லாம் நோய் என்று பெயரிட்டு மாத்திரை எழுதத் தொடங்கினால், வீட்டு உரிமையாளரும் கூலி நிறுத்திய மேஸ்திரியும் கணக்கிலிருந்து மறைந்துவிடுவார்கள். துயரமெல்லாம் நோயாகாது. எப்போது துயரம், எப்போது நோய் என்று பிரித்தறிய அந்த இரண்டு வாரக் கேள்வியும், அன்றாட வேலை தடைபடுகிறதா என்ற கேள்வியும் ஓரளவு உதவும்.

அறிவிப்புகளை எப்படிப் படிப்பது

மனநலம் பற்றிய எந்தத் திட்டத்தையும் எடைபோட மூன்று கேள்விகள் போதும் என்பது என் கருத்து.

1. சிகிச்சை, தடுப்பு, மேம்பாடு என்று மேலே சொன்ன மூன்று வேலைகளில் இது எது? விழிப்புணர்வு ஊர்வலம் இவற்றில் எதிலும் சேராது.

2. கடைக்கோடிக்கு எத்தனை மடங்கு கூடுதல்? வசதியான அண்ணா நகருக்கும் ஏழைகள் மிகுந்த கொடுங்கையூருக்கும் ஒரே எண்ணிக்கையில் ஆலோசகர் என்றால் அது சமம்தான், நியாயம் ஆகாது.

3. சுமையைக் குறைக்கிறதா, சுமப்பவருக்குப் பயிற்சி தருகிறதா? இரண்டாவது தவறில்லை, முதலாவதைத் தவிர்ப்பதற்காக இரண்டாவதைச் செய்வது தவறு.

மூன்றாவது கேள்வியைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீனவக் குடும்பத்துக்கு நிவாரணம் 8,000 ரூபாய். நாளொன்றுக்கு 131 ரூபாய். ஐஸ் உடைப்பவர், லோடு ஏற்றுபவர், ஏலத்தில் கூடை எடுத்துத் தெருவில் விற்கும் பெண் ஆகியோர் மீனவராகப் பதிவாகாத வரை அந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். அந்த இரண்டு மாதத்தில்தான் தண்டல் வாங்குவது கூடுகிறது, பள்ளிக் கட்டணமும் அந்த வெயிலில்தான் வந்து நிற்கிறது. அப்போது துறைமுகத்தில் மன அழுத்த முகாம் நடத்துவது ஒரு வகைத் திட்டம். பதிவில்லாத கைகளையும் நிவாரணப் பட்டியலில் சேர்ப்பது இன்னொரு வகை. முன்னதற்கு மனநல நிதியிலிருந்து செலவு எழுதலாம். பின்னது மீன்வளத் துறையின் கோப்பில் கிடக்கும். அதன் மேலட்டையில் மனநலம் என்ற சொல் இருக்காது.